விலை கூடிய லென்ஸுக்கு மாறினால் உறுத்தல் போய்விடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 28, சென்னையில் ஐடி வேலை, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். ஐந்து வருடமாக மாதத்துக்கு ஒரு ஜோடி என்று சாதாரண சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறீர்கள். காலையில் ஒன்றும் தெரிவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் காய ஆரம்பித்து, ஐந்து மணி வாக்கில் கழற்றி எறிந்துவிடலாம் போல் உறுத்துகிறது. கண்ணாடிக் கடையில் கேட்டதற்கு, "சிலிகான் ஹைட்ரோஜெல்லுக்கு மாறிவிடுங்கள் சார், கண்ணுக்குக் காற்று நன்றாகப் போகும், போட்டுக்கொண்டே தூங்கக்கூடச் செய்யலாம்" என்றார்களாம். விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கருவிழிக்கு (கார்னியா என்கிற, கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம்) போதிய ஆக்சிஜன் கிடைக்குமா? நாள் முழுக்க உறுத்தாமல் இருக்குமா? கண்ணுக்கு ஆபத்து வராமல் இருக்குமா? கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து "சிலிகான்" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டார். முதல் கேள்விக்கு அது சரியான பதில். இரண்டாவதுக்குப் பாதி பதில். மூன்றாவதுக்கு, குறிப்பாகத் தூங்குகிற விஷயத்துக்கு, அது பதிலே இல்லை. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பவர் பார்த்துக் கண்ணாடி, லென்ஸ் கொடுப்பவர், பல வருடமாக லென்ஸ் பொருத்துகிற பிரிவில்தான் வேலை. ஆனால் உங்கள் கண்ணை ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் "இந்த பிராண்டை வாங்குங்கள்" என்று சொல்லப் போவதில்லை. எதை யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதலில் ஆக்சிஜன். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, இருந்தால் பார்வை மறைக்கும். அதனால் அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாக வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண் திறந்திருக்கும்போது காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். கண்ணை மூடித் தூங்கும்போது இமையின் உள்பக்க ரத்தக்குழாய்களிலிருந்து கசிவதுதான் வரவு. அது 7, 8 சதவீதக் காற்றுக்குச் சமம். இந்த வரவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக்கை வைக்கிறோம் என்பதுதான் லென்ஸின் அடிப்படைச் சிக்கல், நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் மோதிய சிக்கலும் இதுதான். 1948-ல் அமெரிக்காவில் கெவின் டூஹி கருவிழியின் மேல் மட்டும் உட்காரும் சின்ன லென்ஸைச் செய்தபோது பயன்படுத்தியது பி.எம்.எம்.ஏ. என்ற கெட்டியான பிளாஸ்டிக். அதற்குள் ஆக்சிஜன் துளிகூடப் போகாது என்றே வைத்துக்கொள்ளலாம். கண் சிமிட்டும்போது லென்ஸுக்கு அடியில் புகுந்து வெளியேறும் கண்ணீர்தான் கருவிழியைக் காப்பாற்றியது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் நீங்கள் இப்போது போட்டிருக்கும் வகை. செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஹீமா என்ற பிளாஸ்டிக்கை (இந்த வகைக்குத்தான் ஹைட்ரோஜெல் என்று பெயர்) தன் சகா ட்ரஹோஸ்லாவ் லிம்முடன் சேர்ந்து உருவாக்கினார். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் ப்ராக் நகரத்தில் தன் வீட்டில், பிள்ளைகளின் மெர்க்கூர் விளையாட்டுச் சாமான்களையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் கருவியைக் கட்டி, அதிலேயே லென்ஸ் வார்த்தெடுத்தார். (லென்ஸ் துறையில் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை பிடிக்கும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1971-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தபின் அது உலகம் முழுக்கப் பரவியது. ஹீமாவில் 38 சதவீதம் தண்ணீர். ஆக்சிஜன் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் நுழையும். ஆகவே இந்த வகையில் "தண்ணீர் அதிகம் என்றால் ஆக்சிஜன் அதிகம்" என்பது உண்மை. ஆனால் தண்ணீருக்கே ஒரு எல்லை இருக்கிறது. ஒரு பொருளுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பதை டிகே என்ற எண்ணால் குறிப்பார்கள். சுத்தத் தண்ணீரின் டிகே-யே சுமார் 80தான், வெறும் ஹீமாவுக்கு அது 10-க்கும் கீழே. தண்ணீரை ஏற்ற ஏற்ற லென்ஸ் எளிதில் கிழியும், அதனால் கனமாகச் செய்ய வேண்டியிருக்கும், ஏசியில் சீக்கிரம் காயவும் செய்யும்.

1998, 1999 வாக்கில் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. சிலிகான் ஆக்சிஜனைத் தாராளமாக விடும், தண்ணீரின் உதவி அதற்குத் தேவையில்லை. முதலில் வந்தவற்றில் ஒன்றான லோட்ராஃபில்கான் ஏ-யில் தண்ணீர் 24 சதவீதம்தான், டிகே 140. ஆகவே அட்டைப் பெட்டியில் தண்ணீர்ச் சதவீதத்தைப் பார்த்து "இதுதான் ஈரமான லென்ஸ்" என்று முடிவெடுக்காதீர்கள். சிலிகான் வகையில் அந்த எண் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது உங்களுக்கே உரிய ஒரு விஷயம். பெட்டியிலோ விளம்பரத்திலோ போடும் ஆக்சிஜன் எண் வழக்கமாக மைனஸ் 3 பவர் லென்ஸின் நட்ட நடுவில் அளந்தது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரம் போகப் போகத் தடித்தும் இருக்கும். பவர் ஏற ஏற ஓரத்தின் தடிமனும் ஏறும். மைனஸ் 6-ல், கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் வட்டத்துக்குப் பக்கத்தில் லென்ஸ் நன்றாகவே கனம். 1984-ல் ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், லென்ஸின் தடிமனையும் கணக்கில் சேர்த்த எண்ணாக, பகலில் மட்டும் போடக் குறைந்தது 24 வேண்டும், இரவிலும் போட 87 வேண்டும் என்றார்கள். 1999-ல் வந்த இன்னொரு கணக்கு அதை 35, 125 என்று உயர்த்தியது. பழைய ஹைட்ரோஜெல் லென்ஸ் பலவும் மைனஸ் 6-ன் ஓரத்தில் பகல் அளவையே எட்டாது. அப்படிப் பல வருடம் ஓடினால் என்ன ஆகும் என்பதை ஸ்லிட் லாம்ப்பில் பார்க்கலாம்: அந்த வட்டத்திலிருந்து மெல்லிய ரத்தக்குழாய்கள், நுனியில் வளைந்து, கருவிழிக்குள் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் என்று ஊர்ந்து வந்திருக்கும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, வலிக்காது. நல்ல லென்ஸுக்கு மாற்றினால் சில மாதத்தில் ரத்தம் வடிந்து வெறும் நிழல் மாதிரிக் குழாய் மட்டும் நிற்கும், ஆனால் குழாய் முழுக்க மறையாது. மறுபடி கருவிழிக்கு ஆக்சிஜன் குறைந்தால் அதே தடத்தில் ரத்தம் ஓடி வந்துவிடும். ஆகவே மைனஸ் 6, ஐந்து வருடம், நாள் முழுக்க என்ற உங்கள் கணக்குக்குச் சிலிகான் ஹைட்ரோஜெல்லுக்கு மாறுவது நியாயம். அந்தப் பணம் வீண் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் உங்களைக் கடைக்கு ஓட வைத்தது ஆக்சிஜன் இல்லையே, உறுத்தல். அங்கேதான் விஷயம் குழம்புகிறது.

ஆக்சிஜன் குறைந்தால் கண் சிவக்கும், பார்வை கொஞ்சம் மங்கும். மதியத்துக்கு மேல் வரும் வறட்சிக்கும் உறுத்தலுக்கும் பெரும்பாலும் காரணம் வேறு. இமை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை லென்ஸின் மேல் ஏறி இறங்குகிறது. லென்ஸின் மேற்பரப்பு வழுக்கலாக இருக்கிறதா, அதன் மேல் கண்ணீர்ப் படலம் உடையாமல் நிற்கிறதா, லென்ஸ் விறைப்பாக இருக்கிறதா, ஓரம் எப்படி முடிகிறது என்பவைதான் உறுத்தலைத் தீர்மானிக்கின்றன. இந்த இடத்தில் சிலிகானுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு: அது தண்ணீரைத் தள்ளும், கொழுப்பை ஈர்க்கும். கண்ணீரில் இருக்கும் எண்ணெய்ப் பசை அதன் மேல் படிந்தால் லென்ஸ் மங்கும், ஈரம் ஒட்டாது. இதை மறைக்கத்தான் கம்பெனிகள் இத்தனை வருடமாகப் பாடுபட்டிருக்கின்றன. முதல் தலைமுறை லென்ஸுக்கு மேலே மெல்லிய பூச்சு கொடுத்தார்கள். அவை விறைப்பாகவும் இருந்ததால், சிலருக்கு மேல் இமையின் உட்புறம் சின்னச் சின்ன மேடுகள் கிளம்பி அரித்தது. பிறகு ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருளை லென்ஸுக்குள்ளேயே கலந்தார்கள். டெலிஃபில்கான் ஏ என்ற டெய்லி லென்ஸில் (ஒரு நாள் மட்டும் போட்டு எறிவது) உள்ளே 33 சதவீதம் தண்ணீர், மேற்பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல். ஒரே லென்ஸுக்குள் இரண்டு குணம். உண்மையிலேயே நல்ல பொறியியல்.

அப்படியானால் சிலிகான் லென்ஸ் பழையதைவிடச் சௌகரியமா? இது உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வெற்றி எந்தப் பக்கமும் இல்லை. மாறியவர்களில் பலர் "இப்போது தேவலை" என்கிறார்கள், ஆனால் அவர்கள் அதே நாளில் புது ஜோடி, புது சொல்யூஷன் (லென்ஸைக் கழுவி ஊற வைக்கும் திரவம்), புதுப் பரிசோதனை என்று நாலு விஷயத்தைச் சேர்த்து மாற்றியிருப்பார்கள். எது உதவியது என்று யாருக்குத் தெரியும்? பழைய ஹைட்ரோஜெல்லுக்கே திரும்பிப் போய் நிம்மதியாக இருப்பவர்களையும் வாராவாரம் பார்க்கிறேன். வழுக்கல் அதிகமான மேற்பரப்பு உள்ள லென்ஸ் சாயங்காலச் சௌகரியத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அதற்கு மேல் "இந்த மெட்டீரியல் போட்டால் வறட்சி போகும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அது விற்பனைப் பேச்சு.

அதனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லாதது. அடுத்தடுத்து மூன்று வேலை நாள் லென்ஸ் போடாமல் கண்ணாடியிலேயே அலுவலகம் போங்கள். அதே சீட், அதே ஏசி, அதே மானிட்டர். ஐந்து மணிக்கு அப்போதும் கண் காய்ந்தால், குறை லென்ஸில் இல்லை, கண்ணீரில். கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டினாலும் இமை பாதி வழியில் திரும்பிவிடும். கண்ணில் லென்ஸ் இருந்தால் கீழ்ப்பாதி அப்படியே காயும். இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அடைத்திருந்தால் கண்ணீர் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமை மேல் சில நிமிடம் வைப்பது, இமை ஓரத்தைச் சுத்தம் செய்வது, ஏசிக் காற்று முகத்தில் அடிக்காத சீட், மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குவது என்று இதற்கான வைத்தியமே வேறு. மானிட்டரை இறக்குவது ஏதோ அற்ப விஷயம் மாதிரித் தோன்றும். கீழே பார்க்கும்போது இமை தாழ்ந்து, காயும் பரப்பு குறைகிறது. அவ்வளவுதான் காரணம், ஆனால் வேலை செய்கிறது.

கண்ணாடி போட்ட மூன்று நாளும் கண் நன்றாக இருந்தால், லென்ஸ் பக்கம் திரும்பலாம். முதலில் பவர். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கண்ணாடியும் மைனஸ் 6, லென்ஸும் மைனஸ் 6. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணிலேயே இருக்கிறது. மைனஸ் 4-ஐத் தாண்டினால் இந்தத் தூரத்துக்குக் கழிக்க வேண்டும். மைனஸ் 6 கண்ணாடிக்கு லென்ஸ் சுமார் மைனஸ் 5.60, அதாவது 5.50 அல்லது 5.75. கண்ணாடிச் சீட்டை நீட்டி லென்ஸ் வாங்கினால் கடையில் இந்தக் கழிவைச் செய்யாமல் அப்படியே கொடுத்துவிடுவது சகஜம். கூடுதல் பவரோடு நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்தால் சாயங்காலம் கண் வலிக்கும், அதையும் நீங்கள் "வறட்சி" என்றே சொல்வீர்கள். இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து சொல்யூஷன். சில சிலிகான் லென்ஸும் சில சொல்யூஷனும் சேராது. லென்ஸ் ராத்திரியெல்லாம் ஊறி உறிஞ்சிய மருந்தைக் காலையில் கண்ணில் மெல்ல விடும். போட்ட இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் மஞ்சள் சாயத் தாளைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்க் காட்டினால் அது பெரும்பாலும் மறைந்திருக்கும், டாக்டரும் "ஒன்றுமில்லையே" என்பார். ஆகவே லென்ஸ் மாற்றினால் சொல்யூஷனையும் கேட்டு மாற்றுங்கள், பரிசோதனைக்குக் காலையில் லென்ஸ் போட்டுக்கொண்டு, மதியத்துக்கு முன் போங்கள். சாயம் போடும் முன் லென்ஸைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் அந்த மஞ்சள் லென்ஸில் ஏறிவிடும்.

இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம் என்றால் டெய்லி லென்ஸ். காலையில் பிரித்து, ராத்திரி குப்பையில். சொல்யூஷன் இல்லை, லென்ஸை ஊற வைக்கும் டப்பா இல்லை, படிவு சேர நேரமில்லை. என் கையில் விட்டால் உங்களுக்கு இதைத்தான் முதலில் சோதனைக்குக் கொடுப்பேன். மாதச் செலவு கூடும், உண்மை. எல்லா நாளும் போட வேண்டும் என்று யார் சொன்னது? வாரத்தில் மூன்று நாள் டெய்லி லென்ஸ், மற்ற நாள் கண்ணாடி என்றால் செலவும் அடங்கும், கண்ணுக்கும் ஓய்வு. ஒரே ஒரு நிபந்தனை: டெய்லி லென்ஸை ராத்திரி சொல்யூஷனில் போட்டு மறுநாளும் போடக் கூடாது. அதைக் கழுவித் தேய்க்கிற மாதிரிச் செய்யவே இல்லை.

இனி தூக்கம். கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதால்தான் ஆபத்து. இரவிலும் தொடர்ந்து போட அனுமதி பெற்ற சிலிகான் லென்ஸ்கள் உண்டு, சிலவற்றுக்கு 30 இரவு வரைகூட. கருவிழியில் புண் இருக்கும்போது டாக்டர்களே கட்டுத்துணி போலச் சில நாள் லென்ஸ் வைத்துவிடுவதும் உண்டு, ஆனால் கூடவே ஆன்டிபயாட்டிக் சொட்டும் அடிக்கடி பரிசோதனையும் இருக்கும். 1999-ல் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை இதுதான்: கருவிழிக்கு மூச்சு முட்டுவதால்தான் கண்ணில் தொற்று வருகிறது, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டால் தொற்றும் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2008-ல் முடிவு வெளியானது. பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போட்டவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 2 பேருக்குக் கருவிழித் தொற்று. பழைய சாஃப்ட் லென்ஸுடன் தூங்கியவர்களில் சுமார் 20 பேர். சிலிகான் லென்ஸுடன் தூங்கியவர்களில் சுமார் 25 பேர். 20-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் குறையவில்லை என்பது நிச்சயம். மெட்டீரியல் ஆக்சிஜன் பிரச்சினையைத் தீர்த்தது, தொற்றைத் தீர்க்கவில்லை.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு ஏற்புடையது இது: தூங்கும்போது சிமிட்டுவது நின்றுபோகிறது, லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்குகிறது, அங்கே மாட்டிய பாக்டீரியாவுக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் கிடைக்கிறது. லென்ஸ் தொற்றில் அதிகம் காணப்படும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஒன்றிரண்டு நாளில் கருவிழியையே கரைத்துவிடக்கூடியது. ஆகவே என் பதில்: தூங்காதீர்கள், மதியக் குட்டித் தூக்கம் உட்பட. நம் ஊரில் இது எங்கே நடக்கிறது தெரியுமா? சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகும் ராத்திரி பஸ்ஸில். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து நேரே கோயம்பேடு, கிளாம்பாக்கம் என்று ஓடி, லென்ஸோடு ஏறி, "பஸ்ஸில் கை கழுவ எங்கே போவது" என்று அப்படியே தூங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை சிவந்த கண்ணோடு வருவார்கள். ஊருக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். இதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். குழாய்த் தண்ணீர், போர்த் தண்ணீர், மாடித் தொட்டித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், எதுவும் லென்ஸையோ டப்பாவையோ தொடக் கூடாது. தண்ணீரிலும் மண்ணிலும் அக்காந்தமீபா என்ற ஓரணு உயிரி இயல்பாகவே வாழ்கிறது. நிலைமை சரியில்லை என்றால் கெட்டியான கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும், குளோரினுக்கு அசையாது. லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் போனால் வலி பயங்கரம், வைத்தியம் மாதக்கணக்கில், சிலருக்குக் கருவிழி மாற்று ஆபரேஷன் வரை போகும். இந்தியாவில் இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸே போடாதவர்கள், கண்ணில் மண்ணோ அழுக்குத் தண்ணீரோ பட்டவர்கள். அதாவது இந்த உயிரி நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது, லென்ஸ் அதற்கு ஒரு வழியைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. 1980-களில் அமெரிக்காவில், உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே சலைன் தயாரித்து லென்ஸ் கழுவியவர்களுக்கு இது வந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. லென்ஸோடு குளிப்பது, நீச்சல், கோயில் குளம், குற்றாலம் எதுவும் வேண்டாம். கை கழுவியபின் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். துடைக்காத ஈரக் கைதான் பலர் வீட்டில் தண்ணீர் நுழையும் வழி.

சொல்யூஷனைப் பற்றி ஒரு வரலாறு சொல்ல வேண்டும். 2005, 2006-ல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று லென்ஸ் போடுகிறவர்களுக்கு வரிசையாக ஃபுசேரியம் என்ற பூஞ்சை கருவிழியைத் தின்றது. எல்லோரையும் இணைத்த கயிறு ரீநியூ மாய்ஸ்ச்சர்லாக் என்ற ஒரு சொல்யூஷன். 2006 மே மாதம் அது உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. விசேஷம் என்னவென்றால், பிரிக்காத பாட்டிலில் பூஞ்சை இல்லை. டப்பாவில் இருந்த நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் புதிது ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. நேற்றைய குழம்பின் மேல் இன்றைய குழம்பை ஊற்றுகிற வேலைதான். மருந்தின் வீரியம் நேற்றே செலவாகிவிட்டது. தினமும் முழுக்கக் கொட்டுங்கள். பாட்டிலில் "தேய்க்க வேண்டாம்" என்று போட்டிருந்தாலும் உள்ளங்கையில் லென்ஸை வைத்து விரலால் இரண்டு பக்கமும் தேய்த்து, சொல்யூஷனாலேயே அலசி, பிறகு ஊற வையுங்கள். டப்பாவைச் சொல்யூஷனால் அலசி, டிஷ்யூவால் துடைத்து, மூடியும் டப்பாவும் கவிழ்ந்திருக்கக் காய விடுங்கள், குளியலறைக்கு வெளியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை எறிந்துவிடுங்கள். கிளினிக்கில் யாரிடமாவது "டப்பாவைக் காட்டுங்கள்" என்று கேட்டால் கொஞ்சம் நெளிவார்கள். மூடியின் மரைக்குள் வழுவழுப்பாக ஒரு படலம், விரலால் தடவினால் தெரியும். அதற்குள்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய லென்ஸ் தூங்குகிறது.

சொல்யூஷனில் உள்ள மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வகை இருக்கிறது. கிருமியைக் கொல்வதில் திறமானது, ஆறு மணி நேரத்தில் அது வெறும் உப்புத் தண்ணீராக மாறிவிடும். ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. அவசரத்தில் மாறாத திரவத்தோடு கண்ணில் வைத்தால் உயிர் போகிற எரிச்சல். கெட்டியான கேஸ் பெர்மியபிள் லென்ஸ் என்று ஒன்றும் உண்டு, தொற்று மிகக் குறைவாக வரும் வகை அதுதான். கருவிழி கூம்பாக நீளும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு அதுதான் பார்வையே. உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன், பழகச் சில வாரம் ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் தங்கை கல்யாணம் வருகிறது என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். கல்யாண மேக்கப்பில் கலர் லென்ஸ் வைக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. பவர் இல்லாவிட்டாலும் அது கருவிழியின் மேல் உட்காரும் பொருள்தான். அளவு பார்த்துப் பொருத்த வேண்டும், கலர் படலத்தால் ஆக்சிஜனும் குறையும். பார்லரில் போன வாரக் கல்யாணப் பெண்ணுக்கு வைத்த ஜோடியையே கழுவி வைத்தால் அவளுடைய கிருமியும் சேர்ந்து வரும். ஆசைப்பட்டால் முன்கூட்டியே பரிசோதித்து, பிரிக்காத டெய்லி கலர் லென்ஸ் வாங்கிக்கொள்ளட்டும். மேக்கப்புக்கு முன் லென்ஸைப் போட வேண்டும், மேக்கப்பைக் கலைப்பதற்கு முன் எடுக்க வேண்டும். கண்மை இமை ரோமத்துக்கு வெளியே நிற்கட்டும். முதலிரவுக் களேபரத்தில் லென்ஸை எடுக்க மறந்து தூங்கிவிடுவதும் நடக்கும் என்பதால் கூட இருக்கும் யாராவது ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, எப்போது பயப்பட வேண்டும். லென்ஸைக் கழற்றியபின் உறுத்தல் குறைந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். கழற்றிய பிறகும் வலி ஏறினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், ஒரு கண் மட்டும் சிவந்து தண்ணீர் கொட்டினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். வழியில் மெடிக்கல் ஷாப்பில் "சிவந்த கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து" என்று கேட்காதீர்கள். அப்படிக் கொடுப்பதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டவுடன் சிவப்பு இறங்கும், வலியும் குறையும், உள்ளே கிருமி தடையில்லாமல் வளரும். நம் பக்கத்தில் வெயிலும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைத் தொற்று அதிகம், வயலில் நெல் தாள் பட்டவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். அதில் ஸ்டீராய்டு விழுந்தால் கண்ணில் பூ விழுவது ஏறக்குறைய உறுதி. போகும்போது அந்த லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், கழுவ வேண்டாம். கருவிழியில் சுரண்டி எடுத்ததில் கிருமி வளராதபோது, டப்பாவில் இருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்து எந்த மருந்து என்று தெரிந்த கேஸ்கள் உண்டு.